பாவை மேடை

"பாவை எங்கே, பாவை எங்கேன்னு காலையிலிருந்து நாற்பது பேர் என் உயிரை எடுக்கிறாங்க! யார் மேடம் இதை அடிச்சது?"

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவன், அந்தத் துண்டுப் பிரசுரத்தைத் தகவல் மையத்தின் கவுன்டரில் பொத்தென்று போட்டான். கழுத்தில் தொலைநோக்கி. கண்களில் கோபம்... ஆனால் அந்தக் கோபத்திலும் என்ன கண்கள்! மழை விட்டதும் கடல் தெளிந்து கிடக்குமே, அப்படி. கவுன்டருக்குப் பின்னால் இருந்தவள் தாளைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போனைத் தட்டினால் எல்லாம் தெரிகிற காலம் இல்லை அது. அந்தக் கடற்கரை ஊரில் சீசன் நான்கே மாதம். கண்ணாடித் தரைப் படகு, சனிக்கிழமை மட்டும் ஏறவிடுகிற கலங்கரை விளக்கம், நீர் வற்றும்போது நடந்தே போகிற மணல் திட்டு, வலசை வரும் பறவைகளைப் பார்க்க அவன் நடத்திய மரமேடை... இத்தனையும் ஒரே தாளில் அச்சடித்து, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன அறையில் கொடுப்பார்கள். அந்த சீசனில் அதை டைப் அடித்தவள் அவள்தான். அக்கா வீட்டுக்காரர் அங்கே மேனேஜர். வீட்டில் அத்தான், ஆபீஸில் சார். 'சும்மாதானே இருக்கே, நாலு மாசம் வந்து உதவி பண்ணேன்' என்று கூப்பிட்டிருந்தார்.

அவள் தாளை எடுத்துப் படித்தாள்.

'பாவை மேடை. அதிகாலை ஐந்தரை முதல். தூர தேசத்துப் பாவைகளை அருகில் பார்க்கலாம். தொலைநோக்கி தரப்படும். கைதட்டிக் கூப்பிடக் கூடாது.'

"பொம்மைக் கண்காட்சின்னு நினைச்சேன்..." என்றாள் மெதுவாக.

"கண்காட்சியா? பசங்க தலையை வாரி, சென்ட் அடிச்சிட்டு வந்து நிக்கிறாங்க. ஒருத்தர் பொண்டாட்டிக்குத் தெரியாம வந்திருக்கார் மேடம்!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் ஃபைலைத் திறந்து, அவன் எழுதிக் கொடுத்திருந்த தாளை நீட்டினாள்.

"இது உங்க கையெழுத்துதானே? பறவைக்குப் பெரிய ற. நீங்க போட்டிருக்கிறது சின்ன ர. அதுவும் அசல் துணைக்கால் மாதிரி. பரவை, பாவை ஆயிடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். கோபம் போன இடம் தெரியவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

"பத்தாவதோட நின்னுட்டேன் மேடம். சீசன் இல்லாதப்போ படகு ரிப்பேர். அதுக்கு எந்த ர-வும் தேவைப்படல..."

அன்று மதியம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டாயிரம் தாள்களிலும் துணைக்காலைப் பேனாவால் ற ஆக்கினார்கள். வெளியே மழை. "இத்தனை ற இந்த ஊர்லயே யாரும் எழுதியிருக்க மாட்டாங்க" என்று அவன் கையை உதறியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவான். அன்று மேடையிலிருந்து என்னென்ன பறவை தெரிந்தது என்று ஒரு சீட்டு. அதைப் பார்த்து அவள் வாசல் பலகையில் எழுதவேண்டும். ஆலா இருநூறு, உல்லான் ஐம்பது, பூணாரை பதினொன்று... அவள் சிவப்புப் பேனாவை எடுப்பாள்.

"உள்ளானுக்கு ள. பூநாரைக்கு ந. முதல் வாரத்துல ற ஒழுங்கா வந்துச்சு. இப்போ மத்ததெல்லாம் போச்சு. வேணும்னே பண்றீங்களா?"

"எல்லாம் சரியா எழுதிட்டா நீங்க திட்ட மாட்டீங்களே மேடம்..."

அன்று முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. பலகையில் எழுதி முடித்ததும் குப்பைக்குப் போகவேண்டிய சீட்டுகள், ஒன்றுவிடாமல் அவள் மேஜை இழுப்பறைக்குப் போயின.

அங்கேதான் வினை வந்தது. ஒரு நாள் படகுக்காரர்களோடு கூட்டம். ஸ்டேப்ளர் தேடிய அத்தான் அந்த இழுப்பறையைத் திறந்துவிட்டார்.

"'ஒரு ஜோடி வந்தது. ரொம்ப அளகு.' அடேங்கப்பா! நம்ம மேடைக்காரர் தமிழைப் பார்த்தா பறவையெல்லாம் பயந்து பறந்துடும்யா!"

அறையே சிரித்தது. இதையெல்லாம் ஏன் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று அத்தான் கேட்டுவிட்டால்...? அந்தப் பயத்தில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால், வாசலில் அவன். கையில் அன்றைய சீட்டு. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அப்புறம் வரவேயில்லை. பறவைக் கணக்கை ஏதோ கடை போனில் அத்தானிடம் சொல்லி வைத்துவிடுவான். 'அவ்வளவு ரோஷமா? இருக்கட்டுமே' என்று அவளும் வீம்பாகத்தான் இருந்தாள். ஆனால் பத்து மணி ஆனதும் கண் தன்னால் வாசலுக்குப் போகும்... மூன்று வாரம் இப்படியே போனது.

சீசன் முடிந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் அவள் ஊருக்குப் போகவேண்டும். அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கு நிரந்தரமாக ஆள் போட்டாகிவிட்டது. இனி இங்கே வர ஒரு காரணமும் இல்லை. பஸ் நிலையத்தில் பெட்டியோடு நின்றவள், வழியனுப்ப வந்த அத்தான் பக்கம் திரும்பினாள்.

"அத்தான்... அன்னைக்கு நீங்க படிச்சுக் காட்டினீங்களே, அந்தச் சீட்டெல்லாம்... நான் ஆசையா சேர்த்து வெச்சது."

அவர் வாயைத் திறந்தபடி நின்றார். "அடிப்பாவி! உங்க அக்கா என்னைக் கொன்னுடுவாளே..." என்றார். பிறகு பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நிக்கிறியே, ஓடு!"

ஓடினாள். பிடித்துக்கொண்ட தூறலில் முடியெல்லாம் முகத்தில் ஒட்ட, மூச்சு வாங்க மேடைப் படியேறினாள். அவன் கூரைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவன் கை அப்படியே நின்றது.

"பறவையெல்லாம் போயாச்சு மேடம். பார்க்க ஒண்ணுமில்ல."

"நான் பறவை பார்க்க வரல. அன்னைக்கு நானும் சிரிச்சேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

"ஊரே சிரிச்சுது. அது எனக்குப் பழக்கம்தான்." அவன் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சிரிச்சதுதான்..."

"ஏன், நான் சிரிச்சா மட்டும் என்னவாம்?"

தூரத்தில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. அவள் அசையவில்லை.

"சொல்லுங்க."

"சொன்னா... சிரிப்பீங்க."

"சத்தியமா மாட்டேன்."

"உங்களைப் பிடிச்சிருக்கு மேடம். ரொம்ப. நாலு மாசத்துல முடிஞ்சு போற மாதிரி இல்ல... என்ன பண்றதுன்னே தெரியல."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து வழிய, சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"பார்த்தீங்களா... மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மூணு வாரமா சிரிக்கவே இல்ல நான்..." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் அவிழ்த்த துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. இதை மடிச்சு வெச்சிட்டு வாங்க. எங்க அத்தான் பஸ் நிலையத்துல பெட்டியோட நிக்கிறார்... நீங்களே வந்து பொண்ணு கேளுங்க."