தைரியராஜ் வாங்காத விளக்கு

1960ஆம் வருஷம், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது, திருச்சி பெரிய கடைவீதியில் அப்துல் மாலிக்கின் டார்ச் கடைக்குள் அருள்நாதன் நுழைந்தான். வீதியெல்லாம் பண்டிகைக் கூட்டம் முட்டி மோதியது. அவன் வீட்டில் பண்டிகை இல்லை.

"சேத்துத் தண்ணிக்குள்ள கண்ணு தெரியற மாதிரி ஒரு லைட் வேணும் பாய்."

மாலிக் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

அருள்நாதனும் தம்பி தைரியராஜும் தண்ணீருக்குள் இறங்கிப் பிழைப்பவர்கள். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபம் படித்துறையில் தவறிப்போன மூக்குத்தியையும் செம்பையும் முங்கி எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்த தொழில். பிறகு ஏலத்தில் ஒரு கைப்பம்பும் ரப்பர் குழாயும் கண்ணாடி முகமூடியும் கிடைத்தன. கரையில் ஒருவர் காற்றடிக்க, கீழே ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டே வேலை பார்க்கலாம். அடைத்துக்கொண்ட ஏரி மதகுகளைத் திறந்துவிட அண்ணன் தம்பியைத்தான் கூப்பிடுவார்கள்.

காவிரித் தண்ணீர் தெளிந்திருக்கும், விளக்கு வேண்டாம். ஏரி அப்படியா? பச்சைமலையில் ஒரு மழை பெய்தால் போதும், அடிவாரத்து ஏரிகள் செம்மண் குழம்பாகிவிடும். அதற்காக அருள்நாதன் தன் கையாலேயே ஒரு விளக்குச் செய்தான். பித்தளைக் கூடு, கார் பல்பு, ஆறு கட்டை பேட்டரி. போட்டால் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும். "வெளிச்சம்னா இதுடா வெளிச்சம்!" என்று தம்பி தோளில் தட்டினான். அண்ணன் செய்த விளக்கு. தம்பி மறுபேச்சுப் பேசவில்லை.

ஐப்பசி மழையில், உப்பிலியபுரத்துக்கு அப்பால் ஒரு ஏரியின் மதகு சிக்கிக்கொண்டது. அந்த விளக்கோடு இறங்கிய தைரியராஜ் மேலே வரவில்லை. குழாய் வந்தது, முகமூடி வந்தது, அறுந்த கயிறு வந்தது. அருள்நாதன் அதே அச்சில் இன்னொரு விளக்குச் செய்து மூன்று நாள் தேடினான். எங்கே திருப்பினாலும் முகத்துக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை. தன் கையே தனக்குத் தெரியவில்லை.

இன்றோடு நாற்பது நாள். தம்பி மனைவி பேட்ரிசியா ஒரே பிடியாக நின்றாள். "உடம்பைக் கண்ணால பாக்காம தாலியைக் கழட்ட மாட்டேன் மாமா." கல்லறைத் தோட்டத்தில் வெட்டி வைத்த குழி மழையில் தூர்ந்துகொண்டிருந்தது.

மாலிக் கண்ணாடித் தொட்டி நிறைய தண்ணீர் எடுத்து ஒரு பிடி செம்மண்ணைப் போட்டுக் கலக்கினார். முதலில் பெரிய வெள்ளை விளக்கைக் காட்டினார். தொட்டி முழுக்க வெளுத்துப்போனது. மறுபக்கம் வைத்திருந்த சாவி தெரியவில்லை. அப்புறம் மஞ்சள் கண்ணாடி போட்ட, ஒடுக்கமான சின்ன டார்ச்சை எடுத்தார்.

சாவி மங்கலாகத் தெரிந்தது.

"பனியில லாரிக்காரன் என்ன பண்றான்? மஞ்ச லைட்டத்தானே போடறான்? மண்ணும் பனி மாதிரிதாங்க. வெளிச்சம் பெருசானா அதையே நம்ம கண்ணுல திருப்பி அடிச்சிரும். இதையும் மூஞ்சிக்கு நேரா பிடிக்கக்கூடாது. கையை நீட்டி, ஓரமா, அந்தாண்ட தள்ளிப் பிடிக்கணும்."

சொல்லிவிட்டு மாலிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன பாய்?"

"உங்க தம்பி ஐப்பசியில வந்தாருங்க. இதே ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. இதே தொட்டியில பாத்தாரு. எப்படிப் பிடிக்கிறதுன்னு ரெண்டு மூணு தரம் பிடிச்சுக்கூடப் பழகுனாரு. வாங்கிட்டுப் போங்கன்னேன். 'வேணாம் பாய், எங்கண்ணன் ராப்பகலா உக்காந்து செஞ்ச லைட்டு, மனசு ஒடிஞ்சு போயிருவாரு'ன்னு வச்சிட்டுப் போயிட்டாரு."

அருள்நாதன் அந்த ஸ்டூலிலேயே உடைந்து அழுதான். பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். இங்கே ஆளையே விழுங்கிவிட்டது, பாவி!

மறுநாள் பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அவன் ஏரியில் இறங்கினான். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஏரிக்கு அடியில் எந்நேரமும் இருட்டுதான். கரையில் உதவிக்கு வந்த மருதை பம்பு அடித்தான். பேட்ரிசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டு ஆள் ஆழம் போனதும் சூரியன் செத்துப்போனது. முகமூடிக்குள் பழைய ரப்பர் நாற்றம். காதில் பம்பின் மூச்சு, புஸ்... புஸ்... என்று. மஞ்சள் ஒளி ஒரு கோல் அளவுக்கு நீண்டது. அதில் மண் துகள்கள் சோம்பலாக இறங்கின. கருவேல வேர்கள் தெரிந்தன. மதகுச் சுவரின் கருங்கல் தெரிந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

எதிரே இன்னொரு வெளிச்சம்.

வெள்ளை வெளிச்சம்.

ஆறு கட்டை பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும். நாற்பது நாளா தாங்கும்?

அது அசைந்து அசைந்து கிட்டே வந்தது. அருள்நாதன் பின்வாங்கினான். பயத்தில் தன் டார்ச்சை மார்போடு அணைத்து முகத்துக்கு நேரே பிடித்துவிட்டான். உடனே எல்லாம் மஞ்சள் சுவர். ஒன்றும் தெரியவில்லை.

புஸ்... புஸ்...

அவன் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

ஐஸ் மாதிரி ஜில்லென்ற கை. அவன் உதறினான். அது விடவில்லை. இழுக்கவும் இல்லை. மெதுவாக, பொறுமையாக, அவன் கையை ஓரமாகத் தள்ளியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் அந்தாண்ட.

மஞ்சள் சுவர் விலகியது. மதகின் அடியில் தைரியராஜ் கிடந்தான்.

முகத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவனுடைய இரண்டு கைகளும் மதகின் இரும்புக் கதவுக்கு அடியில் தோள்வரை நசுங்கிச் சிக்கியிருந்தன. கடப்பாரையால் நெம்பி விடுவிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அருகிலிருந்த பித்தளை விளக்கில் களிம்பேறி, பல்பு உடைந்திருந்தது.

கரையில் விரலிலிருந்த கல்யாண மோதிரத்தைப் பார்த்ததும் பேட்ரிசியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பாலக்கரைத் தேவாலயத்தில் மணியடித்து அடக்கம் செய்தார்கள். தாலி இறங்கியது. போகட்டும், வீட்டுக்கு வந்து சேர்ந்தானே என்று ஊர் ஆறுதல் சொன்னது.

அருள்நாதனுக்கு மட்டும் ஆறவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள், கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி மருதையோடு அந்த ஏரிக்குப் போனான். மஞ்சள் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டான். எடுத்துப் போனது தான் செய்த இரண்டாவது வெள்ளை விளக்கை.

அடியில் உட்கார்ந்து, வேண்டுமென்றே முகத்துக்கு நேராகப் பிடித்துப் போட்டான். வெள்ளைச் சுவர் எழும்பியது. குருடனைப் போலக் காத்திருந்தான்.

"தப்பாப் பிடிச்சிருக்கேன்டா ராஜு," என்று முகமூடிக்குள் முணுமுணுத்தான். "வந்து திருத்துடா."

கை வந்தது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் உப்பிலியபுரம் பஸ் ஏறுவது வழக்கமாயிற்று. "அண்ணே, நீங்க நல்லாருக்கேன்னு கயித்த ஆட்டவே மாட்டேங்கிறீங்க, எனக்குக் குலை நடுங்குது," என்று மருதை கெஞ்சினான். அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் கீழே இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது.

பங்குனியில் ஒரு சாயங்காலம், வாசலில் செருப்பைக் கழற்றும்போது பேட்ரிசியா அவன் கையைப் பார்த்துவிட்டாள். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம். தண்ணீரில் ஊறிய தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. மோதிர விரல் தடத்தில் ஒரு வளையம் ஆழமாகப் பதிந்திருந்தது.

"எங்க போயிட்டு வரீங்க மாமா?"

அவன் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை, சிலுவை போடவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அவரு கை சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. எப்பவும் போலத்தான் இருந்துச்சு."

அவள் அந்தத் தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் வெடுக்கென்று எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். கை நிறையச் செம்மண் தண்ணீர்.

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் வந்திருக்கிறான். சட்டை காய்ந்திருந்தது, தலைமுடி காய்ந்திருந்தது. அந்த ஐந்து இடம் மட்டும் காயவில்லை.

"ஏன் மாமா பொய் சொல்றீங்க?" அவள் குரல் உடைந்தது. "அவருக்குக் குளுருது மாமா... இன்னும் அங்கதான் இருக்காரு. அவருக்குக் குளுருது."

சிமெண்ட் தரையில் அவன் மணிக்கட்டிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.