கடல் மேல் ஒரு பிறை

காலை மணி ஒன்பது. கோவளத்தில் கடலைப் பார்த்த அந்த வீட்டில், ஜஹனாரா தன் ஓவிய அறையின் பூட்டைத் திறந்தாள். அலமாரிக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். கை நேராகப் பின்பலகையில் போய் முட்டியது. மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

காணாமல் போனது ஒரு நீல நிற அட்டைப் பை. அதற்குள்ளே ஒரு குழந்தைப் புத்தகத்துக்கான ஓவியங்கள் முழுவதும் இருந்தன. நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும் ஒரு சிறுமியின் கதை, நீர்வண்ணத்தில். அவற்றை எடுத்துப்போகச் செங்கல்பட்டிலிருந்து காரில் வந்திருந்த பதிப்பாளர் காயத்ரி, கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெனிட்டா ஜீப்பை விட்டு இறங்கியபோது முதலில் பார்த்தது கூடத்துச் சுவரைத்தான். அங்கே வரிசையாகப் புத்தக அட்டைகள் சட்டமிட்டு மாட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ராக்கெட் ஒன்று சீறிக் கிளம்பும்; கீழே கடல், படகுகள்; கடலுக்கு மேல் மெல்லிய பிறை. கதை திருநாவுக்கரசு, ஓவியம் ஜஹனாரா. கருங்குழியில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஜெனிட்டா இவற்றைப் போர்வைக்குள் வைத்துப் படித்தவள். விண்வெளிக்குப் போகத்தான் நினைத்தாள்; ஸ்டேஷனுக்குப் போக நேர்ந்தது.

"அறையைக் கடைசியா எப்ப பூட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றாள் ஜஹனாரா. ஐம்பதைத் தாண்டியவள். பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பி, எதிரில் இருப்பவரை நேர்நடுவில் வைத்துத்தான் பார்த்தாள். "நோன்புப் பிறை பாக்க மாடிக்குப் போனோம். வூட்ல ஒருத்தர் பாக்கி இல்ல."

"சாவி?"

"காலண்டர் ஆணில. தெரிஞ்சவங்க அல்லாருக்கும் தெரியும்."

"வாசக் கதவு?"

"அது பகல்ல என்னிக்கு மேடம் சாத்தி கீது?" குறுக்கே விழுந்தான் அவள் தம்பி ஹமீது. வலை, கயிறு விற்கும் கடை வைத்திருப்பவன். "வாசல் கடல் பக்கம். நாங்க அல்லாரும் தென்னந்தோப்பு பக்கம் பாத்துகினு நிக்கிறோம். இப்படி முதுகைக் காட்டிகினு நின்னா, யானையே உள்ள பூந்து போயிருக்கலாம். பெரிய பேஜாரா பூட்ச்சு!"

ஜெனிட்டா அறைக்குள் போனாள். பூட்டில் கீறல் இல்லை. மேசைமேல் மடிக்கணினி அப்படியே இருந்தது. திருடனுக்குப் படங்கள் மட்டும் போதுமாயிருந்திருக்கிறது. ஜன்னலோரக் கொடியில் கிளிப் போட்டு ஒரே ஒரு தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு விண்வெளி வீரர் நிலாத் தரையில் நின்றார். கூன் விழுந்த தோள், ஹெல்மெட்டுக்குள் தடித்த கண்ணாடி, விண்வெளி உடையின் பையில் ஒரு பேனா. அந்தப் பேனாவைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"அது முதல் பக்கம். கடைசியா போட்டேன். நேத்து ஈரமா இருந்துச்சு, பையில வெக்கல."

"போன்ல படம் எடுத்து வெச்சிருப்பீங்களே?"

"அது அச்சுக்கு உதவாது" என்றாள் காயத்ரி. "ஒரிஜினலைத்தான் இன்னிக்கு ஸ்கேனுக்குக் கொடுக்க இருந்தோம்."

"மறுபடி வரைஞ்சா?"

ஜஹனாரா அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"முடியாது மேடம். கண் நரம்பு போய்கினு இருக்கு. ஓரமெல்லாம் இருட்டிருச்சு, நடுவுல கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் இந்த வருஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இதான் நான் போடற கடைசி புக்கு."

"யாருக்குத் தெரியும்?"

"என் தம்பிக்கு, காயத்ரிக்கு. சாருக்குத் தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சு பூடுவாரு."

சார் என்றால் திருநாவுக்கரசு. கூடத்தில் காயத்ரியிடம் ஜெனிட்டா அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"இந்தப் புத்தகத்துக்கும் கதை அவர்தானா?"

"இல்ல மேடம். இதுல வார்த்தையே கிடையாது, படம் மட்டும்தான். அவர் ஒரு கதையை எழுதித் திருத்தி முடிக்க ரொம்ப நாள் எடுத்துப்பாரு. அதுவரைக்கும் ஜஹனாரா மேடத்தோட கண்ணு காத்திருக்காது. வார்த்தை வேணாம்னு அவங்களே கேட்டாங்க. காரணத்தைச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னாங்க."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"இந்தக் காலப் பிள்ளைங்களுக்குப் படம் போதும்னு சொன்னேன் மேடம்." காயத்ரி தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் 'அப்படியா' அப்படின்னாரு."

"நேத்து சாயங்காலம் நீங்க எங்க?"

"செங்கல்பட்டுல ஒரு ஸ்கூல் விழா. மேடையில நான்தான் பேசிட்டிருந்தேன். வீடியோவே இருக்கு."

அப்போது திருநாவுக்கரசே வாசலில் வந்து நின்றார். எழுபதை நெருங்கிய மனிதர். தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் பேனா. மாமல்லபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். வேட்டி ஓரத்தில் ஈரமணல் ஒட்டியிருந்தது. ஜஹனாரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த அட்டைகளையே பார்த்தார்.

தான் போர்வைக்குள் வைத்துப் படித்த மனிதரை விசாரிக்க ஜெனிட்டாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"நேத்து கோவளம் வந்தீங்களா சார்?"

"வந்தேம்மா. எப்பவும் வர்றதுதான். கடற்கரையில உக்காந்திருந்தேன்."

"இங்க வரலையா?"

"பிறை பாக்கிற நாள். அவங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"இருட்டுற வரைக்கும். நானும் பிறை பார்த்தேன். கடலுக்கு மேல, படகுங்களுக்கு நேரா, மெல்லிசா நின்னது. எழுந்திருக்கவே மனசு வரல. அப்புறம் பஸ் ஏறிட்டேன்."

ஏசுபாதம் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர் ஸ்டேஷனின் மூத்த ஏட்டு. கடற்கரையில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "கரெக்டுதான் மேடம். பீச்சாண்ட டீக்கடைக்காரரு நேத்து சாரைப் பாத்துருக்காரு. ஆனா எப்ப போனாருன்னு அவருக்குத் தெரியல. படகை இழுக்கப் போய்ட்டாராம்."

"என்ன படகு?"

"அமாவாசை முடிஞ்ச கடலாச்சே, ஏறுமில்ல? அதான் படகையெல்லாம் மேல இழுத்துப் போட்டாங்க. ஒரு ஓட்டைப் படகு கவுந்து கெடந்துச்சாம், அதை மட்டும் வுட்டுட்டாங்க. பாதி தண்ணில நிக்குது."

ஜெனிட்டா அந்தப் படகை நோக்கி நடந்தாள். பூட்ஸுக்குள் தண்ணீர் போனது. குனிந்து படகின் அடியில் கையை விட்டாள். ஊறிப்போன நீல அட்டை ஒன்று கையோடு வந்தது. அதற்குள் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மெல்லப் பிரித்தாள். எது நிலா, எது கடல், எது அந்தச் சிறுமி என்று ஒன்றும் புரியவில்லை. உப்புத் தண்ணீருக்கு நீர்வண்ணத்தைத் தெரியுமா என்ன? எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகியிருந்தது.

"யாரு மேடம் இந்த வேலை பண்ணது?"

"தெரிஞ்சவங்கதான்" என்றாள். பையை ஜீப்பில் போட்டுத் துணியால் மூடினாள். ஜஹனாராவிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திருநாவுக்கரசை மட்டும், சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டாள். மறுக்கத் தெரியாத மனிதர், இருந்தார்.

மாலை. மொட்டைமாடியில் நோன்பு திறந்து முடித்திருந்தார்கள். கஞ்சிக் கிண்ணங்கள் இன்னும் தரையில் இருந்தன. ஜெனிட்டா படியேறி வந்தாள். பின்னால் ஏசுபாதம்.

"சார், ஒரு சின்ன உதவி. நேத்து பார்த்த பிறை இன்னிக்கும் தெரியும் இல்லையா? எனக்குக் காட்டுங்க. உங்க புத்தகத்துல படிச்சதோட சரி, நேரில யாரும் எனக்குக் காட்டினதில்லை."

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. நேரே கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரிடம் போய் நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. வரும்."

கடல் கறுத்துக்கொண்டு வந்தது. படகுகளின் மேலே ஒரே ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறை வரவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒருவரும் பேசாதது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"திரும்புங்க சார்" என்றாள் ஜெனிட்டா.

திரும்பினார். வீட்டார் அத்தனை பேரும் தென்னந்தோப்புப் பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள். தோப்புக்கு மேலே, சிவப்பு இன்னும் வடியாத வானத்தில், மல்லாந்த படகைப் போலப் பிறை கிடந்தது.

"நோன்புப் பிறை சூரியன் பின்னாடியே இறங்கும் சார். சூரியன் விழற பக்கம்தான் அது தெரியும். நம்ம கடல் கிழக்கு. இந்தக் கரையில எவனும் சாயங்காலம் கடல் மேல இளம்பிறையைப் பார்த்ததில்லை. 'எல்லாரும் தோப்புப் பக்கம் பாத்துகினு நின்னோம்'னு ஹமீது காலையிலேயே சொன்னாரு. நானும் அப்ப காதுல வாங்கிக்கல. நீங்க நேத்து கடற்கரையில பிறை பார்க்கல. நீங்க பார்த்ததா சொன்னது கூடத்துச் சுவத்துல மாட்டியிருக்கிற புத்தக அட்டை. எல்லாரும் மாடியில நின்ன அந்தக் கொஞ்ச நேரம் நீங்க இந்த வீட்டுக்குள்ளதான் இருந்தீங்க."

அவர் மறுபடி கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய பையோட பஸ்ல ஏற முடியாது. கவுந்து கிடந்த படகுக்கு அடியில வெச்சீங்க. அமாவாசையை ஒட்டி நிலா கடலை இழுக்கும், கடல் ஏறும். நான் அதைப் படிச்சதே உங்க புத்தகத்துலதான். காலையில போய்ப் பார்த்திருக்கீங்க. வேட்டியில மணல் இருந்தது."

விளக்கடியில் இருட்டு என்பார்கள். ஆயுசு முழுக்க ஊர்ப்பிள்ளைகளை அண்ணாந்து பார்க்க வைத்த மனிதர், தான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஏசுபாதம் துணியை விலக்கினார். சாம்பல் நிறத் தாள்களைக் கண்டதும் ஹமீது பாய்ந்தான். "யோவ்! உன்னை நைனா மாதிரி நெனச்சோமே!" ஏட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்.

திருநாவுக்கரசு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வார்த்தையே வேணாம்னு சொல்லிட்டாங்க. இத்தனை புத்தகம் சேர்ந்து பண்ணோம். படம் இல்லாம கொஞ்ச நாள் தவிச்சா என்னைக் கூப்பிடுவாங்க, அப்பக் கொடுத்துடலாம்னு நினைச்சேன். அழிக்கணும்னு நினைக்கல. கடல் வந்துடுச்சு. ஜஹனா நினைச்சா திரும்பவும் வரைஞ்சிடுவா..."

"முடியாது சார்" என்றாள் ஜெனிட்டா.

மீதியை ஜஹனாரா சொன்னாள். கண்ணைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, வார்த்தை வேண்டாம் என்று கேட்டது தான்தான் என்பதைப் பற்றி. குரலை உயர்த்தவில்லை. அதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தாங்க முடியவில்லை.

"முதல் அட்டை போட்டப்பவே சொன்னேன், நிலா அங்க வராதுன்னு. அழகா இருக்குன்னீங்க. உங்களை எதுத்துப் பேச வேணாம்னு போட்டேன். கண்ணு போறதையும் சொல்லாம வுட்டேன். நீங்களும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்."

ஜெனிட்டா கொடியிலிருந்து எடுத்துவந்த தாளை அவர் மடியில் வைத்தாள். கூன் தோள், தடித்த கண்ணாடி, பையில் பேனா. நிலாவில் நின்ற தன்னையே அவர் குனிந்து பார்த்தார். திருடிய அன்று அவர் அறையில் விளக்கைப் போட்டிருந்தால் போதும், கொடியில் இது கண்ணில் பட்டிருக்கும். பையைத் தொட்டிருக்கவே மாட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் ஜெனிட்டாவுக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

"கம்ப்ளெய்ண்ட் எழுதிக்கலாமா?" என்று கேட்டார் ஏசுபாதம்.

ஜஹனாரா தலையை ஆட்டி மறுத்தாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவியபடி தோப்புப் பக்கம் போய் நின்றாள். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி வானத்தில் தேடினாள்.

"நேத்து லேசா தெரிஞ்சுது. இன்னிக்கு எங்கன்னு புடிபடல" என்றாள். "எப்படி இருக்குது, சொல்லுங்க சார். இனிமே வார்த்தைதானே எனக்கு."

அவர் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றார். நிலாவைப் பற்றி அத்தனை புத்தகம் எழுதியவர், முதல் தடவையாக அதைப் பார்த்தார். சொல்லத் தொடங்கினார். முதல் வார்த்தையையே திருத்தினார். அவள் காத்திருந்தாள். பிறை தோப்புக்குள் இறங்கியது.