அம்மாவுக்கு ஒரு லென்ஸ்

வாலுவின் அப்பாவுக்கு வீடுகளைப் படம் எடுக்கும் வேலை. விற்கவோ வாடகைக்கு விடவோ போகிற வீடுகளுக்குப் போய், கூடம், படுக்கையறை, சமையலறை என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தருவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு லென்ஸ். புறாக்கூண்டு மாதிரி இருக்கும் அறையைக்கூட அது பெரிய மண்டபமாகக் காட்டிவிடும். படத்தில் மனிதர்கள் இருக்கவே கூடாது. ஒரு செருப்புக் கிடந்தால்கூட, காலால் ஓரம் தள்ளிவிட்டுத்தான் எடுப்பார்.

அந்த லென்ஸைக் கொண்டுதான் அவர் அம்மாவைப் படம் எடுத்தார்.

அம்மா நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். இனி மருந்து கேட்காது என்று மருத்துவர் சொன்னதை அப்பா வாலுவிடம் மறைக்கவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாலுவுக்குப் பத்து வயது. தங்கை பாப்பாவுக்கோ ஒன்றரை வயதுதான். பெரியவளானால் அவளுக்கு அம்மாவின் முகம் நினைவிருக்காது.

படம் இல்லாமல் இல்லை. கல்யாணப் படத்தில் அம்மா அலங்காரத்துக்குள் ஒளிந்துகொண்டு யாரோபோல் இருந்தாள். வாலுவும் பாப்பாவும் பிறந்த பிறகு எடுத்ததில் எல்லாம் அவர்கள்தான் இருந்தார்கள். அம்மா ஒரு கையாகவோ தோளாகவோ ஓரத்தில் நின்றாள்.

அதனால்தான் அப்பா கட்டிலருகே குனிந்து, ஒரு முழம் தள்ளி நின்று, படபடவென்று நாலைந்து எடுத்தார். அம்மா காட்டச் சொன்னாள்.

மூக்கு முன்னால் வந்து நின்றது. காதுகள் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டன. இளைத்த கன்னம் இன்னும் குழிந்து கிடந்தது.

“என் மூக்குல ரெண்டு குடித்தனம் வைக்கலாம் போலிருக்கே,” என்றாள் அம்மா.

அப்பாவும் வாலுவும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னாள். இனிமேல் தன்னைப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சுவரிடம் சொல்வதுபோல, “பாப்பா இதைப் பாத்தா பயந்துடுவா,” என்றாள்.

அப்பா கேமராவைப் பையில் போட்டு அலமாரியின் மேல் வைத்துவிட்டார். அன்று முழுக்க, என்ன கேட்டாலும் அவரிடமிருந்து ஒற்றை வார்த்தையில்தான் பதில் வந்தது.

மறுநாள் காலை, அம்மாவுக்கு ஊசி போடும் செவிலியர் அக்கா மணி அடித்தார். கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை உண்டு. அதன் வழியே யார் என்று பார்த்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். வாலு முக்காலியில் ஏறிப் பார்த்தாள். வழக்கம்போல அக்காவின் மூக்கு கத்தரிக்காய் அளவுக்குத் தெரிந்தது. அப்போது அக்கா, மாடிப்படியில் வைத்த பையை எடுக்க நாலடி பின்னால் போனார். மூக்கு சரியாகிவிட்டது. முகமே சரியாகிவிட்டது. என்ன, பட்டாணி அளவுக்குச் சிறுத்துவிட்டது, அவ்வளவுதான்.

வாலு கதவைத் திறக்க மறந்து அப்படியே நின்றாள். அக்கா இரண்டாவது முறை மணி அடிக்க வேண்டியதாயிற்று.

அக்காவை உள்ளே விட்டுவிட்டு வாலு சமையலறைக்கு ஓடினாள்.

“அப்பா, அம்மா மூக்கு பெருசாகல. நீங்கதான் ரொம்பக் கிட்டப் போயிட்டீங்க.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. தள்ளி நின்று எடுத்தால் முகம் சரியாக வரும். ஆனால் அறை எடுக்கும் லென்ஸில், தள்ளிப் போனால் அம்மா புள்ளியாகிவிடுவாள். படம் முழுக்க அலமாரிதான் இருக்கும். எட்ட நின்றாலும் முகத்தைக் கிட்டே கொண்டுவரும் வேறு லென்ஸ் வேண்டும். இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாததில்லை.

“எனக்கே தோணியிருக்கணும்,” என்றார். “இத்தனை வருஷமா சுவத்தையே எடுத்து எடுத்து...” கத்தியை வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

மதியம், கல்யாணங்களில் படம் எடுக்கும் அவருடைய நண்பர் மூன்று லென்ஸ்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மாவை உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சோதிக்கக் கூடாது என்று வாலு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் அப்பா கூடத்து நாற்காலியில், முடி கொட்டிப்போன அம்மாவைப் போலவே தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாலு எடுத்தாள்.

முதல் லென்ஸ் குட்டை. முகம் நிறைவாகத் தெரிய கிட்டத்தான் போக வேண்டியிருந்தது; அப்பாவின் மூக்கு தலையெடுத்தது. இன்னொன்று சுரைக்காய் நீளம். அதற்கு வாலு சமையலறையின் கடைசி மூலைக்கே போக வேண்டியிருந்தது. முகம் தாளில் ஒட்டியதுபோல் தட்டையாக வந்தது. 85 என்று எண் போட்ட லென்ஸில்தான் அப்பா அப்பாவாக இருந்தார். எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தெரிகிற அதே முகம்.

“இதுதான்பா,” என்றாள் வாலு.

அதற்கு ஏழெட்டு அடி தூரம் வேண்டும். அம்மாவின் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இருந்தது. அறைக் கதவைத் திறந்து வைத்து, கூடத்தில் நின்று எடுக்கலாம் என்று வாலு அளந்து பார்த்துச் சொன்னாள்.

பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒளிந்து எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு. அப்பா உள்ள வரமாட்டார். கூடத்துலதான் நிப்பார்.”

“நல்லா வரலன்னா?”

“நீயே அழிச்சிடு.”

அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“நான் எங்கடி பாக்கணும்?”

“பாப்பாவ.”

வாலு ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அப்பாவை ஒட்டி நின்றாள். பாப்பா லென்ஸின் மூடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “அத வாயில வைக்காத கண்ணு,” என்று சொல்லி முடித்து, அவள் உதடு விரிந்த அந்த நொடியில் அப்பா பொத்தானை அழுத்தினார்.

கேமராவை வாங்கி அம்மா நெடுநேரம் பார்த்தாள். கன்னம் குழிந்துதான் இருந்தது. தலையில் துணி இருந்தது. லென்ஸ் எதையும் மறைக்கவில்லை.

“இளைச்சுத்தான் போயிருக்கேன்,” என்றாள். “ஆனா இது நான்தான்.”

அவள் அதை அழிக்கவில்லை.

மழை தொடங்கும் முன்பே அம்மா போய்விட்டாள்.

அந்தப் படத்தைக் கையில் எடுக்க அப்பாவுக்குப் பல மாதங்கள் ஆயின. ஒருநாள் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கூடத்துச் சுவரில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் மாட்டினார். வந்தவர்கள் எல்லாம் இவ்வளவு கீழேயா மாட்டுவார்கள் என்று கேட்டார்கள். அப்பா படத்தை மேலே ஏற்றவில்லை.

மூன்று வயதானபோது பாப்பா ஒரு காலையில், பால் குடித்த தம்ளரோடு அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, அம்மா யாரப் பாத்து சிரிக்கிறா?”

“உன்னத்தான்.”

பாப்பா படத்தைப் பார்த்தாள். வாயோரத்துப் பாலைப் புறங்கையால் அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவுக்கு நேராக நிமிர்ந்து நின்றாள்.