பிசகாத கை

தேநீரில் சர்க்கரை கரைந்து, கரண்டியைத் தட்டில் வைத்த பிறகும் அவளது வலது கை மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

“யாருக்குக் காப்பிக்கொட்டை அரைக்கிற? தூக்கத்துலயும் இதேதான்,” என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். கையை மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள்.

எல்லாம் வேலையால் வந்த வினை. பழைய படங்களைச் செப்பனிடும் கூடத்தில் இரண்டு மாதமாக ஒரே மனிதரின் ஊமைப்படத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். நடிகர்களே இல்லாமல், ஆற்றங்கரைச் சனங்களின் பிழைப்பை அப்படியே படம் பிடித்தவர் அவர். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் பதறினால் படத்தின் வேகமும் தடுமாறும். அதைச் சரிசெய்வதற்காக, பழைய பிலிமின் புளித்த வாடை மூக்கில் ஏறும் இருட்டறையில் இடது கண்ணை மூடிக்கொண்டு, காலிக் கேமராவின் கைப்பிடியைத் திரையோடு சேர்ந்து டிரிக் டிரிக்கென்று சுற்றி, அவர் கையின் ஓட்டத்தைத் தன் கைக்குப் பழக்கிக்கொள்வாள்.

அவர் கை தடுமாறவே இல்லை. வெள்ளத்தில் கூரையைப் பற்றிக்கொண்டு ஒரு சிறுமி சத்தமில்லாமல் கத்துகிறாள். கூரை மூழ்குகிறது. அப்போதும் அதே வேகம்.

“அவரோட சொந்த மகதாம்மா அது,” என்றார் மேலாளர். “கைக்கெட்டுற தூரம். அப்பவும் கை பிசகல பாருங்க! இன்னிக்கும் உலகமே அண்ணாந்து பாக்குது. அதுக்குப் பேருதான் கலை.”

அவளைப் பயமுறுத்தியது, என்ன அழகான காட்சி என்று தனக்கும் தோன்றியதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளும் மகளும் மட்டும். சமையலறையில் நின்றவளுக்கு அந்த டிரிக் டிரிக் கேட்டது. மின்விசிறியை நிறுத்தினாள். குழாயை இறுக்கி மூடினாள். சத்தம் அவள் மணிக்கட்டுக்குள்ளிருந்து வந்தது. அப்போதுதான் பால்கனியில் நாற்காலி சரிந்து விழுந்தது.

ஓடிப்போய் பால்கனி வாசலில் நின்றாள்.

ஐந்தாவது மாடி. கம்பிக்கு வெளியே மகள் தொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சன்னல் விளிம்பில், அவள் எட்டி எடுக்கப்போன பூப்பந்து.

“அம்மா! கை வலிக்குது. புடிம்மா!”

ஓடு, என்றாள் காலிடம். கால் அசையவில்லை.

மஞ்சள் வெயில் மகளின் முகத்தில் சாய்வாக விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம்.

ஐயோ, ஓடு.

இடது கண் தானாக மூடிக்கொண்டது. மகளின் ஒரு விரல் நழுவியது. இன்னொன்று.

வலது கை மார்புக்கு நேரே உயர்ந்து சுற்றத் தொடங்கியது. வேகம் கூடாமல். குறையாமல்.