மேஜர் ஆகும்வரை

புது ஷூவின் முனையில் மடிப்பு விழுந்திருந்தது. கால் நுழையாத ஷூவில் அப்படி விழாது; தோல் சுருங்கிக் கோடு வெளுக்க வேண்டுமென்றால் யாராவது அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரமாவது நடந்திருக்க வேண்டும். சம்பத் ஷூவை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தான். உள்ளே, வெள்ளிநிறப் பேனாவில், செத்துப்போன அண்ணனின் கோணல் கையெழுத்து: எட்டு வயசு. அண்ணன் மகள் பூரணிக்கு இப்போது ஏழுதான்.

அண்ணன் ஆதிகேசவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தவன். மீந்த தோலை வைத்து, மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு ஜோடி என்று பதினெட்டு வயது வரைக்கும் முன்கூட்டியே தைத்து, பீரோவுக்கு மேலே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தான். மற்றவர்கள் பிள்ளைக்குத் தங்கம் சேர்த்தார்கள், இடம் வாங்கிப் போட்டார்கள். இவன் ஷூ தைத்தான். உயிலும் எழுதினான்: வீடு பூரணிக்கு, அவள் மேஜர் ஆகும்வரை தம்பி சம்பத் கார்டியன். நெடுஞ்சாலையில் லாரி மோதி அண்ணனும் அண்ணியும் போன பிறகு வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது சம்பத்துக்குச் சிரிப்பு வந்தது. தம்பியை நம்பியிருக்கிறான், முட்டாள்.

செல்போன் கடை வைத்து மூடியவன் சம்பத். தொட்டது எதுவும் உருப்படாததற்கு ஊரைத் திட்டுகிறவன். மைனர் சொத்தை விற்கக் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்றார்கள். பிள்ளையின் படிப்புக்கு என்று சொல்லி அதையும் வாங்கிவிட்டான். திங்கட்கிழமை பத்திரப்பதிவு. பூரணியை ஒரு ஹாஸ்டலில் தள்ளிவிட இடமும் பார்த்தாகிவிட்டது.

"ஏய், இத்த எடுத்துப் போட்டியா?" என்று உள்ளறைப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"போட்டேன் சித்தப்பா." கொஞ்சம் நிறுத்தி, "சின்னதா போச்சு."

சனியன், பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான். எழுந்துபோய் அவளைப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்க அங்கே என்ன இருக்கிறது? அண்ணனின் அதே மூக்கு, விழுந்து இன்னும் முளைக்காத முன்பல்.

அடுத்தடுத்த நாட்களில் ஒன்பது வயசு ஷூவிலும் பத்து வயசு ஷூவிலும் மடிப்பு விழுந்தது. பிறகு பன்னிரண்டில். காய்ச்சல் என்று பூரணி அறையைவிட்டு வெளியே வரவில்லை. மனைவி தேவிகா சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் முகம் வெளிறித் திரும்பி வந்தாள். மழைக்கு முன்னால் தோல் பதனிடும் ஷெட் பக்கமிருந்து வருகிற அந்தப் பழகிய நாற்றத்தோடு, இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு வாசனை சேர்ந்துகொண்டது: புதுத் தோல், பசை, பாலீஷ், அடியில் ஏதோ சூடான உடம்பின் வியர்வை. மூடிய கதவுக்குப் பின்னால் ஷூ கீச்சிடும் சத்தம், முதலில் குழந்தை ஓடுவதுபோல் படபடவென்று இருந்தது, நாளாக நாளாக நிதானப்பட்டு, கனத்து, ஒரு பெரிய மனுஷி குறுக்கும் நெடுக்கும் நடப்பதுபோல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவிகா பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம்.

"நாளைக்கு ரிஜிஸ்திரேஷன். இன்னைக்கு இன்னாடி அம்மா வீடு?"

"நீங்க ஒருவாட்டி உள்ள போய் அத்தப் பாருங்க. என் பொடவைய கட்டிக்கட்டுமானு கேக்குது."

"சின்னப் பசங்க வெளையாடறதுதான."

"ஜாக்கெட்டு பத்தலன்னு சொல்லுது." அவள் அழவில்லை. செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

பைத்தியம் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னான். அவளுடைய குடும்பமே அப்படித்தான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது; கரண்ட் போனது. ஹாலில் இருட்டு சாம்பல் நிறத்தில் இறங்க, சம்பத் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு பீரோவுக்கு மேலிருந்த பெட்டிகளை அள்ளிப் போட ஆரம்பித்தான். பழைய சாமான்காரனுக்குப் போடலாம், அண்ணனின் பாசத்துக்கு அவனாவது விலை சொல்லட்டும். பதிமூன்று, மடிப்பு. பதினைந்து, மடிப்பு. பதினேழு வயசின் குதிகால் தேய்ந்து, உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்தான்.

கடைசிப் பெட்டியை எடுத்தான். எடையே இல்லை. மூடியைத் திறந்தான். சுருட்டிய காகிதம் மட்டும்.

உள்ளறைத் தாழ்ப்பாள் விலகியது.

அவன் திரும்பவில்லை. கீச். நிறுத்தம். கீச். நடை அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. பாலீஷ் வாசனை மூக்கை அடைத்தது. தரையை மட்டும் பார்த்தபடி மெல்லத் திரும்பினான். தேவிகாவின் பச்சைப் புடவை தெரிந்தது. அதன் கரை தரையைத் தொடவில்லை, கணுக்காலையும் தொடவில்லை, முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டது. கீழே பதினெட்டு வயசு ஷூ, பளபளவென்று.

"சித்தப்பா."

அதே ஏழு வயசுக் குரல். அது அவன் தலைக்கு மேலேயிருந்து வந்தது.

"நாளைக்கு நீங்க கையெழுத்து போட வேணாம். நா மேஜர் ஆய்ட்டேன்."

முதன்முறையாக அவளைப் பார்க்க அவன் கண்ணை உயர்த்தினான். உயர்த்திக்கொண்டே போனான். நீண்ட கை. நீண்ட கழுத்து. அதன் உச்சியில், நின்றுபோன மின்விசிறியின் இறக்கைகளுக்கு நடுவே குனிந்து, கொஞ்சமும் வளராத அந்தச் சின்ன முகம். அண்ணனின் மூக்கு. விழுந்த பல்லின் ஓட்டை. அது சிரித்தது.

கீழே ஏதோ 'டப்' என்றது.

ஷூவின் முனையில் ஒரு தையல் விட்டிருந்தது. பிறகு இன்னொன்று. அண்ணன் கையால் போட்ட தையல்கள் ஒவ்வொன்றாக விட, பிளந்த தோலுக்குள்ளிருந்து விரல்கள் மெதுவாக, இன்னும் மெதுவாக, அவன் பாதங்களை நோக்கி நீண்டுகொண்டே வந்தன.

"இதுவும் சின்னதா போச்சு, சித்தப்பா."