சம்பந்தி அனுப்பிய இலை

திங்கட்கிழமை இறக்கியபோது முப்பது கிலோ இருந்த தேயிலைத் தூள் சாக்கு, வியாழக்கிழமை காலையில் முப்பத்தொன்றே முக்கால் கிலோ இருந்தது. பொற்கொடி தராசைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். தராசு பேச்சை மாற்றவில்லை. ஈரம் இழுத்திருக்கும் என்று ஈரமானியைச் செருகினாள். ஐந்து சதவீதம். அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

சோமனூரில் ஒரு பழைய தறிக்கூடத்துக்கு வெள்ளையடித்து அவள் வேலை பார்க்கும் கம்பெனி நடந்தது. வாயில் புகையிலை அடக்குகிறவர்கள் அதை விட்டொழிக்க, புகையிலைக்குப் பதிலாகப் பச்சைத் தேயிலைத் தூள் அடைத்த, சுண்டுவிரல் நுனியளவு வெள்ளைப் பைகள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டியது. டப்பாவின்மேல் 'முற்றிலும் இயற்கை' என்று மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தது. அரளி விதையும் முற்றிலும் இயற்கைதான். அதை டப்பாவில் அடைக்கத்தான் யாரும் முன்வந்ததில்லை.

தரப் பரிசோதனை பொற்கொடியின் வேலை. எந்தத் தோட்டத்து இலை, என்ன மருந்து அடித்தது, ஈயம் எவ்வளவு என்று ஆய்வறிக்கை வந்தபிறகே அவள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நாற்பது சாக்கு லாட்டுக்கு அறிக்கை வரவில்லை. திங்கட்கிழமை அதைக் கேட்டதற்கு முதலாளி சென்னியப்பன், கோயிலில் செருப்போடு நிற்பவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, கோத்தகிரியில இருந்து நம்ம சம்பந்தி அனுப்புற இலைங்க. பொண்ணைக் குடுத்த ஊட்டுல போயி சர்டிபிகேட் கேட்டா, நாளைக்குச் சீரு செனத்தின்னு போறப்ப நான் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது? பழைய ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்துப் போட்டுருங்க."

போட்டாள். கையெழுத்தையும் போட்டாள். அன்று சாயங்காலம் அந்த லாட்டிலிருந்து முதலில் அடைத்த மூன்று டப்பாக்களை வீட்டுக்கும் எடுத்துப்போனாள்.

வீட்டில் கதிர் இருந்தான். பதினெட்டு வருடம் புகையிலை அடக்கிய வாய். கீழுதட்டின் உட்புறம் மிளகளவு ஒரு வெள்ளைத் திட்டு. இன்றைக்கே நிறுத்தாவிட்டால் அடுத்த வருடம் தாடையை அறுக்க வேண்டிவரும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அழுதும் சண்டை போட்டும் சாமிக்கு முடிந்துவைத்தும் நடக்காதது, இந்தத் தேயிலைப் பையால் நடந்தது. ஐந்து மாதமாகக் கதிர் புகையிலையைத் தொடவில்லை. தன் கணவனின் தாடையைத் தானே காப்பாற்றிக் கொண்டிருப்பதாகப் பொற்கொடிக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட உண்டு.

மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. சோமனூரில் இருட்டைவிட அமைதிதான் பயம். தெரு முழுக்கத் தறிகள் நின்றுபோய், காதுக்குள் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்து, அதன் அடியில் இத்தனை நாள் மறைந்துகிடந்த இன்னொரு சத்தம் சாக்குகள் அடுக்கியிருந்த மூலையிலிருந்து, பட்டுப்புழுத் தட்டில் காது வைத்தால் கேட்குமே, அந்த மாதிரி மெதுவாக, ஓயாமல், தின்கிற சத்தமாக எழுந்து வந்தது.

"எலியா இருக்குங் கண்ணு" என்றாள் பை ஒட்டும் சின்னாத்தாள்.

"எலின்னா எடை குறையோணுமில்லக்கா?"

"உன்ற கணக்கெல்லாம் எலிக்குத் தெரியுமாக்கும்" என்று சொல்லிவிட்டு, சின்னாத்தாள் முகம் கழுவப் போனாள். வெகுநேரம் திரும்பவில்லை.

பொற்கொடி ஒரு கரண்டி தூளைக் கண்ணாடித் தம்ளரில் வெதுவெதுப்பான நீரில் போட்டாள். சல்லடையில் சலித்த மாவு மாதிரித் தூள். அடியில் போய்ப் படிய வேண்டும். படியவில்லை. துகள்கள் ஒன்றையொன்று தேடிப் போயின. ஓரம் ஓரத்தைத் தொட்டது. நரம்பு நரம்போடு சேர்ந்தது. பத்து நிமிடத்தில் தம்ளருக்குள் ஒரே ஒரு இலை நின்றது. முழு இலை. காம்போடு. எங்கும் வெட்டில்லை, கிழிசலில்லை. அவள் விரலைத் தம்ளரின் இந்தப் பக்கம் வைத்தாள். இலை இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் வைத்தாள்.

அந்தப் பக்கம்.

பழைய பில்லில் இருந்த கோத்தகிரி எண்ணை அழைத்தாள்.

"இலைங்களா?" என்றார் சம்பந்தி. "நாங்க இன்னும் அனுப்பவே இல்லீங்களே. ஃபேக்டரி இருவது நாளாப் பூட்டிக் கெடக்குதுங்க. பொண்ணு கட்டுன ஊட்டுல எப்பிடிச் சொல்றதுன்னு கூச்சமாப் போச்சு. நீங்களே அவருகிட்டச் சொல்லிப்போட்டீங்கன்னா எனக்கும் நல்லதுங்க."

கேட்கக் கூச்சப்பட்டவர் ஒருவர். சொல்லக் கூச்சப்பட்டவர் ஒருவர். நடுவில் யாரோ நாற்பது சாக்கு இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சென்னியப்பனுக்குச் சொன்னாள். அவர் சிரித்தார். "சம்பந்தி வெளையாடுவாருங்க. பாதி லாட்டு நேத்தே தூத்துக்குடிக் கப்பலுக்குப் போயிருச்சு. உங்க கையெழுத்து இருக்குதில்ல, அப்புறமென்னங்க பயம்?"

கதிரை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி. நான்காவது தடவை எடுத்தான்.

"மாமா, வாயில இருக்கறதைத் துப்பிப்போடுங்க. உடனே."

"ம்."

"துப்பிட்டீங்களா?"

போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. மெதுவாக. ஓயாமல்.

ஸ்கூட்டியில் கருமத்தம்பட்டி வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் குளிர். மலையில் மழை பெய்து முடிந்த இடத்து வாசனை, நனைந்த மண்ணும் பாசியும் பச்சையும் கலந்து, சமையலறையிலிருந்து வந்தது. கதிர் அங்கே நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் ஐம்பதுக்கும் மேல் வெள்ளைப் பைகள். ஒட்டு பிரியவில்லை. துணி கிழியவில்லை. எல்லாம் காலி.

"வந்துட்டியா புள்ள." சந்தோஷமாகத்தான் சொன்னான். "திட்டு போயிருச்சு. வந்து பாரு."

கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினான். திட்டு போயிருந்தது. அது இருந்த இடத்திலிருந்து, ஈரமான சிவப்புச் சதையைப் பிளந்துகொண்டு, ஒரு தளிர் நின்றது. இரண்டு இலை. ஒரு மொட்டு. அவள் மூச்சு பட்டதும் மொட்டு அவள் பக்கம் சாய்ந்தது.

"வலிக்குதுங்களா?"

"ஒண்ணுமே இல்ல. நல்லாருக்குது."

பிடுங்கிவிடலாம். இவ்வளவூண்டுதான். இரண்டு விரலால் பிடித்தாள். இழுத்தாள். ஈறுக்குள், தொண்டைக்குள், அதற்கும் கீழே ஏதோ கூடவே இழுபட்டது. மடியில் கிடந்த அவன் வலது கை விரல்கள் ஐந்தும் ஒன்றாக மடங்கின.

விட்டாள். விரிந்தன.

"நல்லாருக்குது" என்றான் கதிர். கண்களிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்கள் அவளை விட்டு அகலவில்லை. டாக்டர் அறையில்கூட அவன் அப்படிக் கெஞ்சுவதுபோல் அவளைப் பார்த்ததில்லை.

அவள் அவனைத் தொடவில்லை. யாரும் எதையும் இழுக்கவில்லை. வலது கை தானாக எழுந்தது. மேஜையைத் தடவியது. கடைசி டப்பாவைத் திறந்தது. ஒரு பையை எடுத்து உதட்டுக்குள் வைத்தது. இன்னொன்று.

இன்னொன்று.