வேரும் ஊற்றும்

காலை ஆறே முக்காலுக்கு சூசை கண் திறப்பார். திறந்ததும் பத்து நொடிக்கு மனைவி ரெஜினா பேசக் கூடாது, அவரைத் தொடக் கூடாது. அந்தப் பத்து நொடிக்குள் அவர் இடக்கண்ணைச் சிமிட்டினால் அன்றைக்கு வேர். வலக்கண்ணைச் சிமிட்டினால் ஊற்று. எதுவும் செய்யாமல் விட்டால் ஊற்று தானாக ஏறிவிடும். அவள் காப்பித் தம்ளரோடு கட்டிலோரம் காத்து நிற்பாள். வேர் என்றால் அவரை நிமிர்த்திச் சாய்த்து வைத்து, ஸ்பூனால் புகட்ட வேண்டும். ஊற்று என்றால் அவரே எழுந்து வந்து தம்ளரை வாங்கிக்கொள்வார்.

தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் மண்டைக்குள் மூளைத்துணைக் கருவி பொருத்திக்கொண்டவர்கள் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. ஆனால் ஒரே மூளைத்துணையில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டு, தினமும் எழுந்ததும் எது என்று தேர்ந்தெடுப்பவர் சூசை ஒருவர்தான்.

பதினொரு வருடத்துக்கு முன் கிரேன் கொக்கி தலையில் அடித்து விழுந்தவர் அவர். பழைய நினைவுகள் தப்பின; புதிதாக எதையும் மூளை தானாகச் சேர்த்துக்கொள்ளாது என்றார்கள். அப்போது ஏற்றியதுதான் வேர் என்ற இயங்குதளம். அதன்பின் அவர் கைகாலை இயக்கியதும், பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டதும் அதுதான். பிறகு வேரை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டது. பழுது பார்க்க ஆளில்லாமல் அது நாளுக்கு நாள் தளர்ந்தது. முதலில் வலது கை போயிற்று, அப்புறம் கால்கள், கடைசியில் நாக்கும் குழறத் தொடங்கியது.

“புதுசா வந்திருக்கிற ஊற்று போட்டா நடப்பாரு அக்கா. ஓடக்கூடச் செய்வாரு,” என்றாள் நரம்புப் பணிமையத்தில் வேலை செய்யும் இன்பவல்லி. “ஆனா வேர் எழுதினதை ஊற்றால படிக்க முடியாது. பதினொரு வருஷமும் போயிடும்.”

“அப்ப வேண்டாம்மா.”

“ரெண்டையும் வைக்கலாம். உள்ளே ரெண்டு அறை, நடுவுல சுவர்னு வச்சுக்கங்க. ஒரு அறையில நடக்கிறது இன்னொரு அறைக்குத் தெரியாது. காலையில முழிச்சதும் ரெண்டோட பேரும் கண்ணுக்குள்ள தெரிஞ்சு, எதுன்னு கேக்கும். அந்த நேரத்துல ரெண்டுமே ஓடாது. அவரோட சொந்த மூளை மட்டும்தான் இருக்கும். அதுவே தேர்ந்தெடுக்கட்டும்.” விசைப்பலகையில் கை வைத்தபடி அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கண்ணைச் சிமிட்டாமலே விட்டுட்டார்னா எது ஏறணும்?”

“ஊற்று,” என்றாள் ரெஜினா. யோசிக்கவே இல்லை.

ஊற்று ஏறிய முதல் காலையில் சூசை கட்டிலிலிருந்து இறங்கி, பால்கனிவரை நடந்துபோய், கடல் தடுப்புச்சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். ரெஜினாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்: “கிளாட்வின் ஸ்கூலுக்குப் போயிட்டானா?”

அவருக்குத் தெரிந்த கிளாட்வினுக்குப் பதினான்கு வயது. அந்தப் பையன் வளர்ந்ததும், மீசை முளைத்ததும், தடுப்புச்சுவர் வேலையில் சேர்ந்ததும், இருபத்தொரு வயதில் புயலன்று அந்தச் சுவர் உடைந்தபோது தண்ணீரோடு போனதும் வேரிடம் மட்டுமே இருந்தன. அது நடந்து நாலு வருடம் ஆகியிருந்தது.

“அவனுக்கு இருபத்தஞ்சு வயசாகுதுங்க,” என்றாள் ரெஜினா. “கப்பல்ல வேலை. ஆழ்கடல். போன் கிடைக்காது.”

அவர் நம்பினார்; குடியிருப்பில் யாரும் வாய்விடாதபடி அவள் சொல்லிவைத்தாள். மறுநாள் ஊற்றில் எழுந்தபோதும் அதையே நம்பினார். மீன் வாங்கிவர அவரே போனார், ஏணி வைத்து மின்விசிறியைத் துடைத்தார், சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். எத்தனையோ வருடமாக அவள் கேட்டு மன்றாடியதெல்லாம் அந்த நாட்களில் இருந்தது. ஆனால் மகனை நினைத்து மனசு கனக்கும்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ முடிந்தது.

வேர் ஏறிய நாட்களில் அவர் படுக்கையை விட்டு அசைய மாட்டார். வாயோரம் எச்சில் வழியும். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த நீலச் சட்டை...” என்று ஆரம்பித்தாலே போதும். “பித்தான் போடாமலே ஓடுவானே,” என்று குழறலாக அவர் முடித்துவைப்பார். இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். அழுது முடித்ததும் அவளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும். படுக்கையில் கிடந்த அந்த மனிதரை விட்டால் அவளோடு சேர்ந்து துக்கப்பட உலகத்தில் வேறு யாருமில்லை.

அவள் நினைத்ததைவிட அதிகமாக அவர் இடக்கண்ணைத்தான் சிமிட்டினார். ஏன் என்று இன்பவல்லிக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது மாதம் ஒரு காலையில் இடக்கண் சிமிட்டியது. அதன்பின் எதுவும் நடக்கவில்லை. திறந்த கண், ஓடுகிற மூச்சு, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தார். இன்பவல்லி ஓடிவந்து வேரை நிறுத்தி, வலுக்கட்டாயமாக ஊற்றை ஏற்றிய பிறகே உயிர் முகத்துக்கு வந்தது.

“அடுத்த தடவை என்னால எழுப்ப முடியாம போகலாம்க்கா. வேரை அழிச்சாகணும்.”

“அந்தப் பேரை மட்டும் கண்ணுல படாம மறைச்சிட்டா?”

“கெட்டுப்போன அறை, பக்கத்து அறையையும் அரிக்குது. ஆனா சட்டப்படி ஒண்ணு இருக்கு. வேரை அழிக்கணும்னா, வேர்ல இருக்கும்போதே அவர் சம்மதிக்கணும்.”

பணிமையத்தில், கம்பிகள் நடுவே, கடைசியாக ஒருமுறை வேரை ஏற்றினார்கள். விஷயத்தைச் சொன்னதும் சூசை ரெஜினாவைப் பார்த்தார்.

“அவன் நல்லா நடக்கிறானா?” என்று கேட்டார். ஊற்றிலிருக்கும் தன்னைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

“நடக்கிறீங்க.”

“கிளாட்வினைப் பத்திச் சொல்லிட்டியா?”

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“நாலு மாசமாவா ரெஜி?”

“சந்தோஷமா இருக்கீங்க. எந்த வாயால சொல்ல?”

“சொல்லிடு.” ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மூச்சு வாங்கினார். “எனக்காக இல்ல. நான் போயிட்டா, நீ யாரோட அழுவ?”

இடது கட்டைவிரலை இன்பவல்லி நீட்டிய திரைமேல் அவரே வைத்தார். “வலிக்குமாம்மா?” என்று கேட்டார். தூங்குவது மாதிரிதான் இருக்கும் என்றாள் அவள். அது அவளுக்கும் தெரியாது என்பது குரலிலேயே தெரிந்தது.

அதன்பின் பத்து நொடிகள் இல்லை. கண் திறந்ததும் எழுந்துவிடுவார். முதல் நாள் சொல்லவேண்டும் என்று ரெஜினா நினைத்தாள், முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. நாலாம் நாள் நடைபோய்விட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் உற்சாகமாகச் சொன்னார்: “கூட வேலை பார்த்த சேவியரைப் பார்த்தேன். அவன் பொண்ணு நர்ஸாம். நம்ம கிளாட்வினுக்குக் கேக்கட்டுமா?”

ரெஜினா கையிலிருந்த கரண்டியை அடுப்புத் திண்டில் வைத்தாள். “அவன் இல்லங்க,” என்றாள். “செத்துப்போய் நாலு வருஷம் ஆச்சு.”

கத்துவார், அடித்துக்கொள்வார் என்று பயந்தாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். புயல், சுவர், மூன்றாம் நாள் கிடைத்த உடம்பு என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் முகம் மகனை இழந்த முதல் நாளின் முகமாக மாறியது. அவளுக்கு ஆறிக்கொண்டிருந்த நாலு வருடமும் அந்த முகத்தின் முன் காணாமல் போயிற்று.

அவள் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார். “அப்ப அவன் என்ன பண்ணான்?”

மகனைக் கேட்கிறார் என்று நினைத்து, “அதான் சொன்னேனே, தண்ணி வந்ததும்...” என்றாள்.

“இல்ல ரெஜி. நான். அப்ப இருந்த நான். புள்ளையைக் கொண்டுவந்து வச்சப்போ நான் அழுதேனா?”

அவருக்குத் தன் துக்கம்கூட யாரோ ஒருவருடையதாக இருந்தது. ரெஜினா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி அழுதார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.